ஸ்டெஃபியின் 22 கிராண்ட்ஸ்லாம் பட்டங்களில் எத்தனை முழுதாக அவருடையவை?

புள்ளிக்கணக்கன்

நேற்றிரவு தூக்கம் வராமல் 1995 அமெரிக்க ஓபன் டென்னிஸ் மகளிர் இறுதி ஆட்டத்தின் பதிவை முதலிலிருந்து கடைசிவரை பார்த்து முடித்தேன். ஸ்டெஃபி கிராஃபும் மோனிகா செலஸும். 7-6, 0-6, 6-3. முதல் செட் 6-6 ஆனதும் வரும் டைபிரேக்கில் 6-5 என்று முன்னிலையில் இருந்த செலஸ் ஒரு சர்வ் போடுகிறார். எதிராளி தொட முடியாத ஏஸ் என்று நினைத்து முகம் மலர்கிறது. பந்து வெளியே என்கிறார் கோட்டு நடுவர். அந்த செட் அங்கேயே கைநழுவிப் போகிறது. கத்திக்குத்துக்குப் பிறகு இரண்டாண்டுகளுக்கு மேல் களத்துக்கே வராதவர், திரும்பி வந்த இரண்டாவது போட்டியிலேயே இப்படி ஆடுகிறார்.

அதைப் பார்த்த பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கிராண்ட்ஸ்லாம் என்றால் ஆண்டுதோறும் நடக்கும் நான்கு பெரும் போட்டிகள்: ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்ச் ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன். 1991 தொடக்கத்திலிருந்து 1993 ஆஸ்திரேலிய ஓபன் வரை செலஸ் ஆடிய கிராண்ட்ஸ்லாம் போட்டிகள் 8. வென்றவை 7. மிச்சம் ஒன்றிலும் இறுதிச்சுற்று வரை வந்தார். அதே காலத்தில் ஸ்டெஃபி வென்றவை 2, இரண்டும் விம்பிள்டன். 1993 ஏப்ரல் 30 அன்று ஹாம்பர்க்கில் ஸ்டெஃபியின் வெறிபிடித்த ரசிகன் ஒருவன் செலஸின் முதுகில் கத்தியால் குத்தினான். அதற்குப் பின் வந்த நான்கு கிராண்ட்ஸ்லாம்களையும் ஸ்டெஃபி வரிசையாக வென்றார்.

ஸ்டெஃபியை எனக்குப் பிடிக்கும். அவர்மீது ஒரு துளி குற்றமும் இல்லை என்பதும் தெரியும். ஆனாலும் 22 என்று எழுதும்போது, இதில் ஒரு கேள்வி இருக்கிறது என்று காட்ட ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட வேண்டாமா?

பழைய ராக்கெட்

அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா. முளைக்கவில்லையே!

கணக்குப் போடுவதென்றால் முழுக் கணக்கையும் போடுங்கள். 22-ஐ அந்த ஏப்ரல் நாளில் இரண்டாக வெட்டினால் முன்னால் 11, பின்னால் 11. பின்னால் உள்ள 11-லும் செலஸ் களத்தில் இல்லாத காலத்தில் வந்தவை 6 மட்டுமே: 1993-ல் பிரெஞ்ச், விம்பிள்டன், அமெரிக்கா, 1994-ல் ஆஸ்திரேலியா, 1995-ல் பிரெஞ்ச், விம்பிள்டன். மற்ற 5 செலஸ் திரும்பி வந்த பிறகு வென்றவை. அவற்றில் இரண்டில் இறுதிச்சுற்று எதிராளியே செலஸ்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. செலஸ் இல்லாத அந்த இரண்டேகால் ஆண்டில் நடந்த கிராண்ட்ஸ்லாம்கள் 10. நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் ஸ்டெஃபி பத்தையும் வாரிக்கொண்டு போனது போல இருக்கிறது. அரான்ட்சா சான்செஸ் இரண்டு வென்றார், கொன்சிட்டா மார்டினெஸ் ஒரு விம்பிள்டன், மேரி பியர்ஸ் ஓர் ஆஸ்திரேலிய ஓபன். 1994 விம்பிள்டனில் நடப்புச் சாம்பியனான ஸ்டெஃபி முதல் சுற்றிலேயே லோரி மெக்நீலிடம் தோற்று வெளியேறினார். அவர்கள் பட்டங்களுக்கும் நட்சத்திரம் போடுவீர்களா? அவர்களைப் பற்றி மட்டும் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

புள்ளிக்கணக்கன்

ஆறு என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஐயா. பத்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆறு சிறிய எண்ணா? 22-லிருந்து ஆறைக் கழித்தால் 16. முந்தைய தலைமுறையின் மார்ட்டினா நவ்ரதிலோவாவுக்கும் கிறிஸ் எவர்ட்டுக்கும் ஆளுக்கு 18. பட்டியலின் வரிசையே மாறிவிடுகிறதே.

பழைய ராக்கெட்

ஆறையும் அப்படியே செலஸ் கையில் கொடுத்துவிடுவீர்களா? அதில் இரண்டு விம்பிள்டன். செலஸ் ஒரு விம்பிள்டன்கூட வென்றதில்லை. ஒரே ஒருமுறை இறுதிச்சுற்றுக்கு வந்தார், 1992-ல். ஸ்டெஃபி அவரை 6-2, 6-1 என்று அனுப்பிவைத்தார்.

இடக்கைக்காரி

அந்த 6-2, 6-1-ஐப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்த விம்பிள்டனில் செலஸ் பந்தை அடிக்கும்போது எழுப்பும் ஒலியைப் பற்றி எதிராளிகள் புகார் சொன்னார்கள். அரையிறுதியில் நவ்ரதிலோவாவே நடுவரிடம் முறையிட்டார். பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பதின்வயதுப் பெண்ணைக் கேலிப்பொருளாக்கின. இறுதி ஆட்டத்தில் செலஸ் வாயைத் திறக்காமல் ஆடினார். மூச்சையும் அடியையும் சேர்த்தே பழகிய ஒருவரிடம் மூச்சை அடக்கிக்கொண்டு ஆடச் சொன்னால் என்ன ஆகும் என்று ராக்கெட் பிடித்த எவருக்கும் தெரியும்.

அந்த ஒரு காரணத்தால் தோற்றார் என்று நான் சொல்ல வரவில்லை. புல்தரையில் ஸ்டெஃபி அவரைவிடச் சிறந்தவர்தான். ஆனால் ‘அனுப்பிவைத்தார்’ என்று அவ்வளவு லேசாக எழுதாதீர்கள், ஐயா.

பழைய ராக்கெட்

சொல் தடித்துவிட்டது, அம்மா. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பந்து பொறுக்கும் பையன்

நான் ஸ்டெஃபி ஓய்வு பெற்ற பிறகு பிறந்தவன். செரீனாவைப் பார்த்து டென்னிஸுக்கு வந்தவன். ஒரு சந்தேகம். கோல்டன் ஸ்லாம் கோல்டன் ஸ்லாம் என்கிறார்களே, நான்கு கிராண்ட்ஸ்லாமும் ஒலிம்பிக் தங்கமும் வாங்கியவர்கள் வேறு சிலரும் இருக்கிறார்கள்தானே? ஸ்டெஃபிக்கு மட்டும் ஏன் தனிப் பேச்சு?

பழைய ராக்கெட்

தம்பி, வாழ்நாளில் சேர்த்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்டெஃபி ஐந்தையும் ஒரே ஆண்டில் சேர்த்தார். 1988. வயது 19.

ஜனவரியில் மெல்போர்னில் எவர்ட்டை வென்றார். புதிய அரங்கில் நடந்த முதல் ஆஸ்திரேலிய ஓபன் அது. நடுவில் மழை வந்து, கூரையை மூடி ஆடி முடித்தார்கள். பாரிஸில் இறுதிச்சுற்றில் நடாஷா ஸ்வெரேவா. 6-0, 6-0. மொத்தமே முப்பத்து சொச்சம் நிமிடம். அந்தப் பெண் சாதாரண ஆட்டக்காரர் இல்லை, அதே போட்டியில் நவ்ரதிலோவாவை வீழ்த்திவிட்டு வந்தவர். விம்பிள்டனில் ஆறு ஆண்டுகளாகத் தொடர்ந்து வென்றுவந்த நவ்ரதிலோவாவிடம் முதல் செட்டை 5-7 என்று இழந்து, பிறகு 6-2, 6-1. நியூயார்க்கில் அமெரிக்க ஓபனிலும் சியோலில் ஒலிம்பிக்கிலும் இறுதியில் கேப்ரியேலா சபாட்டினியை வென்றார். ஒலிம்பிக்கில் பதக்கத்துக்குரிய விளையாட்டாக டென்னிஸ் 1924-க்குப் பிறகு திரும்பி வந்ததே அந்த ஆண்டில்தான். கோல்டன் ஸ்லாம் என்ற பேச்சு அவரால் புழக்கத்துக்கு வந்தது.

ஒற்றையரில் ஒரே ஆண்டில் இதை அவரைத் தவிர யாரும் செய்ததில்லை.

களிமண் கால்

சின்னத் திருத்தம். சக்கர நாற்காலி டென்னிஸில் 2021-ல் டீடெ டி குரூட், டிலன் ஆல்காட் இருவரும் ஒற்றையரில் இதைச் செய்திருக்கிறார்கள். விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

இந்த இழையில் யாருமே ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதுதான் எனக்குக் குறை. எத்தனை பட்டம், யாருக்கு எத்தனை என்று பாகப்பிரிவினை நடக்கிறது. நான் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருபவன். என் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறேன்.

ஸ்டெஃபி என்றதும் எல்லோரும் ஃபோர்ஹேண்டை, அதாவது வலப்பக்கம் வரும் பந்தை அடிக்கும் அடியைச் சொல்வார்கள். சரிதான். பந்து தன்னைக் கடந்து போய்விட்டது என்று நாம் நினைக்கும் நொடியில் அடிப்பார். எந்தப் பயிற்சியாளரும் அப்படிச் சொல்லித்தர மாட்டார், நானும் மாட்டேன். மணிக்கட்டும் தோளும் அவ்வளவு வேகமாக இல்லாதவன் அப்படி அடித்தால் பந்து வேலியில் போய் நிற்கும். ஆனால் அந்த ஃபோர்ஹேண்டுக்கு இடம் பிடித்துக் கொடுத்தவை கால்கள். பேக்ஹேண்ட் பக்கம், அதாவது இடப்பக்கம் வரும் பந்தைக்கூடச் சுற்றி ஓடிவந்து ஃபோர்ஹேண்டால் அடிப்பார். அப்படி ஓடினால் வலப்பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கும். எதிராளி அங்கே அடித்தால் அதையும் ஓடிப் பிடிக்கும் தைரியம் இருப்பவர்தான் இந்த ஆட்டத்தை ஆட முடியும். அவர் ஆடினார்.

இன்னொன்று பேக்ஹேண்ட் ஸ்லைஸ், பந்தை அடியில் அறுத்து அடிப்பது. பலரும் அதை ஒரு குறையாகச் சொல்வார்கள், சுழலேற்றி ஓங்கி அடிக்கத் தெரியாததால் அறுத்தே ஒப்பேற்றினார் என்று. அடிக்கத் தெரியாமல் இல்லை. எதிராளி வலைக்கு வந்தால் அவரைக் கடந்து அடித்திருக்கிறார். ஆனால் அறுத்த பந்து புல்லில் பட்டதும் எழாமல் வழுக்கிக்கொண்டு கணுக்கால் உயரத்தில் போகும். எதிராளி குனிந்து தூக்கிக் கொடுப்பார். அடுத்த அடி ஃபோர்ஹேண்ட். கதை முடிந்தது.

இப்போது செலஸ் விஷயத்துக்கு வருகிறேன். இருபுறமும் இரு கையால், பந்து எழும்பும்போதே அடிப்பவர் செலஸ், அதிலும் இடக்கைக்காரர். பிரெஞ்ச் ஓபனின் களிமண் போன்ற மெதுவான களத்தில் ஸ்டெஃபியின் ஸ்லைஸ் கொஞ்சம் உயர்ந்து நிற்கும், செலஸுக்கு அது விருந்து. 1992 பிரெஞ்ச் இறுதியில் மூன்றாவது செட்டை 10-8 என்று செலஸ் வென்றார். நான்கே வாரம் கழித்து அதே இருவர் விம்பிள்டன் புல்லில் மோதினார்கள். ஸ்லைஸ் எழவில்லை. பழைய ராக்கெட் ஐயா சொன்ன 6-2, 6-1. இந்த இருவரில் யார் பெரியவர் என்று கேட்பதற்கு முன்னால், எந்தத் தரையில் என்று கேளுங்கள்.

புள்ளிக்கணக்கன்

இது நல்ல பதில். ஆனால் என் கேள்வியை இன்னும் கூர்மையாக்கித்தான் விட்டது. களிமண்ணிலும் கடினத் தரையிலும் செலஸ் மேல் என்றால், ஆறில் விம்பிள்டன் இரண்டைத் தள்ளிவிட்டு மிச்சம் நான்கும் கேள்விக்குரியவை. நட்சத்திரம் ஆறுக்கு வேண்டாம், நான்குக்குப் போடலாமா?

பழைய ராக்கெட்

காய்கறிக் கடையில் பேரம் பேசுவது போல இருக்கிறது.

இடக்கைக்காரி

நான் செலஸ் கட்சி. சிறுவயதில் இடக்கையால் ஆடுவதற்காகத் திட்டு வாங்கியவள், அவர் ஆடுவதைப் பார்த்துத்தான் நிமிர்ந்தேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: இந்த நட்சத்திரம் செலஸுக்கு எந்த நியாயமும் செய்யாது.

அவருக்கு நடந்த அநியாயம் ஸ்டெஃபியின் பட்டியலில் இல்லை. ஹாம்பர்க் நீதிமன்றத்தில் இருக்கிறது. குத்தியவனுக்கு இரண்டாண்டுத் தண்டனை கொடுத்து அதையும் நிறுத்திவைத்தார்கள். மேல்முறையீட்டிலும் அவன் சிறைக்குப் போகவில்லை. செலஸ் அதன்பின் ஜெர்மனியில் ஆடவே இல்லை. குத்து விழுந்த அந்தப் போட்டியை நிறுத்தக்கூட இல்லை, இறுதி ஆட்டம் வரை நடத்தி முடித்தார்கள். அவர் குணமாகி வரும்வரை தரவரிசையில் அவருடைய முதலிடத்தைக் காத்துவைக்கலாமா என்று முன்னணி வீராங்கனைகளிடம் கேட்டபோது பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றவர் சபாட்டினி. ஸ்டெஃபி அந்தக் கூட்டத்தில் இல்லை.

ஸ்டெஃபி மருத்துவமனைக்குப் போய் அவரைப் பார்த்தார். சில நிமிடங்கள்தான். அது போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. 23 வயதுப் பெண், தன் பெயரைச் சொல்லி ஒருவன் கத்தியெடுத்திருக்கிறான், அவளும் அதிர்ந்துதானே போயிருப்பாள்?

செலஸ் திரும்பி வந்து 1996 ஆஸ்திரேலிய ஓபனை வென்றார். அது ஒன்பதாவது, அதுவே கடைசி. அவர் ஆடாத அந்த இரண்டாண்டுகளைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அவரைப் பற்றியே பேசுங்கள். ஒவ்வொரு முறையும் அவர் பெயர் ஸ்டெஃபியின் அடிக்குறிப்பாகத்தான் வருகிறது. அதுதான் எனக்கு வலிக்கிறது.

பந்து பொறுக்கும் பையன்

அக்கா, இதில் பாதி எனக்குத் தெரியாது. நன்றி.

செரீனா 23, மார்கரெட் கோர்ட் 24. அப்படியானால் ஸ்டெஃபி மூன்றாமிடம்தானே?

களிமண் கால்

வந்துவிட்டதா இந்தக் கேள்வி! கோர்ட்டின் 24-ல் 13 தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கதவு திறப்பதற்கு முந்தைய காலத்தவை. 11 ஆஸ்திரேலியப் பட்டங்கள், பல முன்னணி வீராங்கனைகள் அவ்வளவு தூரம் பயணம் செய்யாத காலத்தில். செரீனாவின் 23 கல்லில் செதுக்கியது, அதில் பேச்சே இல்லை. ஸ்டெஃபியிடம் உள்ளது வேறு ஒன்று. நான்கு கிராண்ட்ஸ்லாமையும் தலா நான்கு முறையாவது வென்றவர் அவர் மட்டும்தான்: ஆஸ்திரேலியா 4, பிரெஞ்ச் 6, விம்பிள்டன் 7, அமெரிக்கா 5. 377 வாரங்கள் முதலிடம். இதற்கு மேல் இந்த இழையில் தரவரிசைப் பேச்சு வேண்டாம், தம்பி. விடிந்தாலும் முடியாது.

பழைய ராக்கெட்

என்னைக் கேட்டால் 1988-ஐவிட 1995, 1996 பெரிது. எல்லோரும் 1988-ஐத்தான் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள்.

1988-ல் அவருக்கு உடம்பும் மனமும் சேர்ந்து நின்றன. 1995-ல் முதுகு, கால், பாதம் என்று ஒன்று மாற்றி ஒன்று. இரண்டு ஆண்டிலும் ஆஸ்திரேலியாவுக்குப் போகவே முடியவில்லை. போதாக்குறைக்கு 1995 ஆகஸ்டில் தந்தை பீட்டர் கிராஃப் வரி ஏய்ப்பு வழக்கில் கைதானார். மகளின் சம்பாத்தியத்துக்கான வரி அது. சிறுவயதில் ராக்கெட்டைக் கையில் கொடுத்தவரும் கணக்கு வழக்கைக் கையில் வைத்திருந்தவரும் அவர்தான். நீங்கள் நேற்றிரவு பார்த்த அந்த அமெரிக்க ஓபன் இறுதி, தந்தை சிறையில் இருந்தபோது மகள் ஆடியது. அதை நினைத்துக்கொண்டு இன்னொரு முறை பாருங்கள். 1997 ஜனவரியில் தந்தைக்கு மூன்றே முக்கால் ஆண்டுத் தண்டனை விதித்தார்கள்.

அந்த இரண்டு ஆண்டுகளில் ஸ்டெஃபி கலந்துகொண்ட கிராண்ட்ஸ்லாம்கள் 6. வென்றவை 6.

நட்சத்திரம் போட வேண்டுமானால் இங்கே போடுங்கள். தங்க நட்சத்திரமாக.

இடக்கைக்காரி

இதற்கு என் வாக்கும் உண்டு. அவ்வளவு நெருக்கடியிலும் வாய்விட்டுச் சிரித்த ஒரு நொடி இருக்கிறது. 1996 விம்பிள்டன் அரையிறுதி, எதிரே கிமிகோ டாட்டே. ஸ்டெஃபி சர்வ் போடப் போகும்போது கூட்டத்திலிருந்து ஒருவர், “ஸ்டெஃபி, என்னை மணந்துகொள்வாயா?” என்று கத்துகிறார். அரங்கமே சிரிக்கிறது. ஸ்டெஃபி திரும்பி, “உங்களிடம் எவ்வளவு பணம் இருக்கிறது?” என்று கேட்கிறார். வரி வழக்கு நடந்துகொண்டிருந்த நேரத்தில் அந்தக் கேள்வி! வேண்டுமென்றே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

புள்ளிக்கணக்கன்

தந்தை கைதானது தெரியும். இந்த இறுதி ஆட்டத்தோடு சேர்த்துப் பார்த்ததில்லை.

1999 பிரெஞ்ச் ஓபனைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? அதைத்தான் பலரும் அவருடைய ஆகச் சிறந்த வெற்றி என்கிறார்கள்.

களிமண் கால்

முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, ஆறாம் தரவரிசையில், டேவன்போர்ட், செலஸ், ஹிங்கிஸ் மூவரையும் அடுத்தடுத்து வென்றது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த இறுதி ஆட்டம் எனக்கு இனிக்கவில்லை. அவ்வளவு கசப்பு அதில். ஹிங்கிஸ் முதல் செட்டை வென்று, இரண்டாவதில் முன்னிலையில் இருந்தபோது ஒரு பந்து வெளியே என்று சொன்னதை ஏற்காமல் வலையைச் சுற்றி எதிர்ப்பக்கம் போய், மண்ணில் பந்து பதிந்த தடத்தைப் பார்த்தார். ஒரு புள்ளி பறிபோனது. அதற்குப் பிறகு கூட்டம் முழுவதும் அந்த 18 வயதுப் பெண்ணுக்கு எதிராக ஊளையிட்டது. மேட்ச் பாயின்டில் அவர் கையைத் தாழ்த்திக் கீழிருந்து சர்வ் போட்டார், ஊளை இன்னும் பெருகியது. 4-6, 7-5, 6-2. அழுதுகொண்டே வெளியே போனவரை அவருடைய தாய் அணைத்துக் கூட்டிவந்தார்.

கீழிருந்து சர்வ் போடுவது விதிக்கு உட்பட்டதுதான். இன்று ஆண்களே போடுகிறார்கள், கூட்டம் கைதட்டுகிறது.

பழைய ராக்கெட்

ஹிங்கிஸ் முந்தியே வாயைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம். ஸ்டெஃபியின் காலம் முடிந்துவிட்டது என்பது போல அவர் பேசிவந்தது ரசிகர்கள் காதில் விழாமலா இருக்கும்? மற்றபடி நீங்கள் சொல்வது சரி.

எனக்கு அந்த வெற்றியைவிட அதற்குப் பிறகு நடந்ததுதான் பிடிக்கும். விம்பிள்டனில் இறுதிவரை வந்து டேவன்போர்ட்டிடம் தோற்றார். ஆகஸ்ட் 13 அன்று ஓய்வை அறிவித்தார். தரவரிசையில் மூன்றாம் இடத்தில் இருக்கும்போது. வழியனுப்பும் சுற்றுப்பயணம் கிடையாது, மேடை கிடையாது. எழுந்தார், போய்விட்டார். 900 வெற்றி, 115 தோல்வி என்று கணக்கு அங்கேயே நின்றது.

பந்து பொறுக்கும் பையன்

சரி, நான் ஒரே ஒரு ஆட்டம் பார்ப்பதென்றால் எதைப் பார்க்கட்டும்? ஸ்வெரேவா ஆட்டத்தைச் சொல்லாதீர்கள், பாவம்.

இடக்கைக்காரி

1993 விம்பிள்டன் இறுதி. ஜானா நோவோட்னா மூன்றாவது செட்டில் 4-1 என்று முன்னால் இருக்கிறார். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் 5-1. அந்த இடத்தில் டபுள் ஃபால்ட், இரண்டு சர்வும் தவறிப் புள்ளி போனது. அங்கிருந்து ஒரு கேம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. பரிசளிப்பில் கென்ட் சீமாட்டியின் தோளில் சாய்ந்து அழுதார். 1998-ல் அதே களத்தில் பட்டம் வென்றார், அதையும் சேர்த்துப் பார்த்துவிடு. இல்லாவிட்டால் தூக்கம் வராது.

களிமண் கால்

1992 பிரெஞ்ச், செலஸிடம் ஸ்டெஃபி தோற்றது. தோற்ற ஆட்டத்தைப் பார்த்தால்தான் ஓர் ஆட்டக்காரர் யார் என்று தெரியும்.

புள்ளிக்கணக்கன்

1995 அமெரிக்க ஓபன். நட்சத்திரத்தை இன்னும் முழுதாக அழிக்கவில்லை நான். நான்கு இரண்டாகியிருக்கிறது, அவ்வளவுதான். பழைய ராக்கெட் ஐயா சிரிப்பது இங்கே கேட்கிறது.

பழைய ராக்கெட்

இரண்டு நாள் பொறுங்கள், அதுவும் போய்விடும்.

தம்பி, 1995 விம்பிள்டன் இறுதியைப் பார். எதிரே சான்செஸ். 4-6, 6-1, பிறகு மூன்றாவது செட் 5-5. சான்செஸ் சர்வ். அந்த ஒரு கேம் 20 நிமிடம் நடந்தது. 32 புள்ளிகள், 13 டியூஸ், அதாவது 13 முறை சமநிலை. எல்லாம் முடிந்து எதிராளி சர்வ் போட்ட அந்தக் கேமை வென்று ஸ்டெஃபி பிரேக் எடுப்பார், அடுத்த கேமில் ஆட்டம் முடியும். நேராக அந்தக் கேமுக்குத் தாவிப் போகாதே. இரண்டாவது செட்டிலிருந்து பார்த்து வா. இருவர் காலையும் பார்த்துக்கொண்டே வா, பந்தைப் பார்க்காதே.